வேலூர் கோட்டையை ஒற்றன் கண்ணால் சுற்றிப் பார்ப்பது எப்படி?

வெளியூர்க்காரர்கள் வேலூருக்கு வருவது பெரும்பாலும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குத்தான். டாக்டரைப் பார்த்தாயிற்று, ரத்தம் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட் நாளை மறுநாள் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன செய்வது? லாட்ஜ் அறையில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் இப்படி வந்து தங்கும் சொந்தக்காரர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போவது என் வேலை. பல வருஷம் எல்லாரையும் போலத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். இது அகழி, இது கோயில், இது சர்ச், அது மசூதி. எல்லாரும் தலையாட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், முக்கால் மணி நேரத்தில் "போலாமா?" என்பார்கள்.

அதை மாற்றியவன் என் அக்கா மகன். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் வாஷிங்டன் நகரத்து உளவு அருங்காட்சியகத்தில் எடுத்த படங்களை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். 2002-ல் திறந்த இடம் அது. உதட்டுச்சாயக் குழாய்க்குள் ஒளித்த துப்பாக்கி, பொத்தானுக்குப் பின்னால் கேமரா வைத்த கோட்டு என்று ஒரே அமர்க்களம். பையன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "மாமா, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணு இல்லையா?" என்றான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். 1806-ல் ஒரு ராத்திரி முழுக்க ஒரு செய்தியால் தலைகீழான கோட்டை நம்முடையது. அதைவிட வேறென்ன உளவு அருங்காட்சியகம் வேண்டும்?

கேமராவும் துப்பாக்கியும் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் எழுதிவைத்துவிட்டார் வள்ளுவர். பத்துக் குறளிலும் கருவியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொன்னது ஒத்துப்போனால் நம்பு. அவ்வளவுதான் சங்கதி. இதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால், ஒவ்வோர் இடத்திலும் கேட்பதற்கு மூன்று கேள்வி கிடைக்கும். செய்தி யாரிடமிருந்து கிளம்பியது? எந்த வழியாகப் போனது? கேட்டவர் நம்பினாரா?

சரி, இனி எப்படிப் போவது என்று பார்ப்போம்.

கிளம்புமுன்

முதலில் கிழமையைப் பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் அப்படியே. இதைச் சொல்லும் நானே ஒரு வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து வந்த பெரியம்மாவை மூச்சுவாங்க நடக்க வைத்துப் பூட்டிய கதவைக் காட்டியிருக்கிறேன். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அடுத்தது வெயில். எங்கள் ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்வதில்லை. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் கோட்டைச் சுவரில் கை வைக்க முடியாது. கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். எந்த மாதமானாலும் காலை ஏழு, ஏழரைக்கு உள்ளே போய்விடுங்கள். ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது குடை, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. கோயிலுக்குள் போக வேண்டியிருப்பதால் ஷூ கட்டிக்கொண்டு வந்தால் அவிழ்த்துக் கட்டுவதிலேயே நேரம் போகும்.

ரயிலில் வருபவர்கள் காட்பாடியில் இறங்குவார்கள். அங்கிருந்து கோட்டை ஆறேழு கிலோமீட்டர். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் 1, 2 நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறி, "கோட்டை" என்றால் போதும், கண்டக்டர் இறக்கிவிடுவார். பழைய பஸ் நிலையத்துக்கு எதிரேதான் கோட்டை. சி.எம்.சி. பக்கம் தங்கியிருந்தால் காலை நேரத்தில் நடந்தே வந்துவிடலாம். கூட நோயாளி வருவதானால் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம்: அகழிக்கரை

உடனே உள்ளே ஓடாதீர்கள். அகழிக்கரையில் பத்து நிமிஷம் நில்லுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட நாயக்கர் காலத்துக் கட்டுமானம் இது. உள்ளே 133 ஏக்கர். கருங்கல்லை அடுக்கி எழுப்பிய சுவரும் அதன் காலடியில் நிற்கும் தண்ணீரும் சொல்வது ஒன்றே: சும்மா உள்ளே நுழைய முடியாது. அந்தக் காலத்தில் அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்பார்கள். இப்போது மீன், நீர்க்காகம், கொஞ்சம் பிளாஸ்டிக் பாட்டில்.

இப்படி ஒரு கோட்டைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவன் எப்படித் தெரிந்துகொள்வான்? திரும்பிக் கிழக்கே பாருங்கள். ஊருக்கு மேலே மொட்டை மலைகள் தெரியும். உச்சியில் சுவர் ஓடுவதும் தெரியும். 1677-ல் சிவாஜியின் படை வந்து இந்தக் கோட்டையை வளைத்தது. அப்போது இது பீஜப்பூர்க்காரர்கள் கையில். பிடிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது, 1678-ல்தான் விழுந்தது. மராட்டியர் மலைமேல் அமைத்த இடங்களுக்கு சாஜரா, கோஜரா என்று பெயர். அங்கே ஏறி நின்றால் கோட்டை முற்றம் தாம்பாளம் போலத் தெரியும். எவன் எங்கே போகிறான், எந்தக் கொத்தளத்தில் ஆள் குறைவு என்பதெல்லாம் கீழே இருப்பவனைவிட மேலே இருப்பவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இதற்குத் தமிழில் வேவு என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்தில் தேவைப்படும்.

இரண்டாவது: வாசலும் மதில்மேல் நடையும்

கோட்டைக்குள் போகும் சாலையில் ஆட்டோவும் பைக்கும் சர்சர் என்று போகும், ஓரமாக நடங்கள். மதில்மேல் ஏற அனுமதி உள்ள இடத்தில் ஏறி, கைப்பிடிச் சுவரில் விட்டிருக்கும் துளை ஒன்றில் கண்ணை வைத்துப் பாருங்கள். வெளியே எதிரே வருபவன் முழு ஆளாகத் தெரிவான். அவனுக்கு உங்கள் கண்கூடத் தெரியாது. பிள்ளைகளுக்கு இந்த ஒன்று போதும், அரை மணி நேரம் நகரமாட்டார்கள். எங்கள் பையன் அகழிக்கு அந்தப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் குறிவைத்து, அவர் எத்தனை முறை ஊதிக் குடித்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

இங்கே நின்றுதான் 1806-ன் கதையைச் சொல்ல வேண்டும். இது நீளமானது. நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு, அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்துப் பெண்களையும் பணியாட்களையும் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். இளவரசர்களுக்கு உதவித்தொகை உண்டு, வெளியே போக முடியாது. அதே கோட்டையில் கம்பெனியின் சிப்பாய்கள் சுமார் 1,500 பேர், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நானூறுக்கும் குறைவு. நெருப்பையும் வைக்கோலையும் ஒரே கொட்டகையில் வைத்தாயிற்று.

பிறகு வந்தது தலைப்பாகை விவகாரம். சென்னைப் படையின் தளபதி கிரேடாக் காலத்தில் 1805 நவம்பரில் புதுத் தலைப்பாகைக்கு உத்தரவானது. பார்க்கத் தொப்பி போல இருக்கும், தோல் பட்டையும் உண்டு. நெற்றியில் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடிக்கும் மீசைக்கும் அளவு. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒன்றாக வலித்தது. 1806 மே மாதம் இங்கே இருந்த 4-ஆம் ரெஜிமென்ட்டின் படைப்பிரிவு ஒன்று அணிய மறுத்தது. 21 பேரைப் பிடித்து விசாரணைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். அதில் இருவருக்குத் தலா 900 கசையடி.

இனி உளவுக்கு வருவோம். ஜூன் 17 அன்று 1-ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், வெள்ளைக்காரர்களைக் கொல்லச் சதி நடக்கிறது என்று ரகசியமாகச் சொன்னார். மூன்று கேள்வியையும் போடுங்கள். செய்தி கிளம்பிய இடம் சரி. போன வழி சரி, நேராக மேலதிகாரி காதுக்கே போயிற்று. நம்பினாரா? இங்கேதான் வேடிக்கை. ஃபோர்ப்ஸ் அதைச் சரிபார்க்கும் பொறுப்பை அந்தப் படையின் இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களில் சதியில் இருந்தவர்களும் உண்டு. அவர்கள் கூடிப் பேசி, இவனுக்குப் பைத்தியம் என்று அறிக்கை கொடுத்தார்கள். முஸ்தபா பேக்கை அடைத்து வைத்தார்கள். வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்றால், திருடனையே கூப்பிட்டுத் திருட்டுப் போயிற்றா என்று கேட்ட கதையாக முடிந்தது. பஜாரில் புரளியைக் கேட்ட ஓர் ஐரோப்பிய விதவைப் பெண்ணும் கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டிடம் எச்சரித்திருக்கிறார். அவர் சொல்லும் எடுபடவில்லை.

மறுபக்கத்து ஒற்றும் சாமானியமில்லை. தெருவில் பாடித் திரிந்த பக்கீர்கள் சிப்பாய்களிடையே செய்தி பரப்பினார்கள் என்று பின்னால் வெள்ளைக்காரர்களே எழுதிவைத்தார்கள். ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். கல்யாண வீட்டுக்கு யார் வந்தாலும் ஏன் என்று கேட்பாரில்லை. மறுநாள் அதிகாலை அணிவகுப்பு என்பதால், வழக்கமாக வெளியே குடிசைகளில் படுக்கும் சிப்பாய்களும் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். இரவு ரோந்துக்குப் போக வேண்டிய வெள்ளை அதிகாரி போகாமல் சுபேதாரிடம் சொன்னார். சுபேதார் ஜமேதார் ஷேக் காசிமிடம் தள்ளினார். ஷேக் காசிம் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவர்! கோட்டை முழுக்க விளக்குப் பிடித்துச் சுற்றிப் பார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்தாயிற்று.

ஜூலை 10, விடியுமுன் இரண்டு மூன்று மணி வாக்கில் துப்பாக்கி வெடித்தது. ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 69-ஆம் ரெஜிமென்ட்டின் வெள்ளைச் சிப்பாய்கள் தூக்கத்திலேயே சுடப்பட்டார்கள். செத்தவர் நூற்றுக்கு மேல். மைசூரின் புலிக்கொடி ஏறியது.

ஆனால் ஒரு செய்தியைக் கிளர்ச்சிக்காரர்களாலும் தடுக்க முடியவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் என்பவரிடமிருந்து ஆற்காட்டுக்குத் தகவல் பறந்தது. சுமார் 25 கிலோமீட்டர். அங்கே 19-ஆம் குதிரைப்படையோடு கர்னல் கில்லெஸ்பி இருந்தார். காலை ஒன்பது மணிவாக்கில் அவர் கோட்டை வாசலில் நின்றார். வாசலுக்கு மேலே மதிலில் சார்ஜென்ட் பிராடி என்பவர் மிஞ்சிய சில ஆட்களோடு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். தோல் பட்டைகளை முடிச்சுப்போட்டுக் கயிறாக்கித் தொங்கவிட்டார்கள்; கில்லெஸ்பி அதைப் பிடித்து ஏறினார். சாத்தியிருந்த உள்வாசலைப் பின்னால் வந்த பீரங்கி உடைத்தது. அப்புறம் நடந்தது பச்சைப் படுகொலை. செத்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கணக்கு 350 என்பார்கள், 800 என்பாரும் உண்டு. அரண்மனைப் பகுதியில் ஒளிந்தவர்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

இதை நான் சொல்லி முடித்தபோது பையன் கேட்டான்: "மாமா, அந்த முஸ்தபா பேக் நல்லவரா, கெட்டவரா?" பக்கத்தில் இருந்த அவன் பாட்டி, "காட்டிக்கொடுத்தவன்டா" என்று முடித்துவிட்டார். கம்பெனி அவருக்குப் பின்னால் பரிசும் பென்ஷனும் கொடுத்தது. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைத்ததை நீயே வெளியே போட்டதாகும் என்றும் அதே அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். வேலூரில் யாரும் முஸ்தபா பேக்குக்குச் சிலை வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை. எனக்கு மட்டும் அவர் பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டு அடைபட்டிருந்த அந்த மூன்று வாரங்களின்மேல் ஒரு கண். தான் சொன்னது நடக்கப்போகிறது என்று தெரிந்த ஒரே ஆள், நம்ப யாருமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலூரில் உண்மையை நம்பாமல் சூடுபட்டவர்கள், அப்புறம் எதைக் கேட்டாலும் நம்ப ஆரம்பித்தார்கள். அதே 1806 நவம்பரில் பாளையங்கோட்டையில் சதி என்று ஒரு புரளி. மேஜர் வெல்ஷ் என்பவர் முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதத்தைப் பறித்து வெளியே துரத்தினார். விசாரித்தால் அங்கே ஒன்றுமில்லை.

மூன்றாவது: ஜலகண்டேஸ்வரர் கோயில்

மத்தியானம் நடை சாத்துவார்கள், அதனால் வெயில் ஏறுமுன் இதை முடித்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் வேண்டும். இன்றைக்கு நமக்கு வேண்டியது வேறு. இந்தக் கோயிலில் நூற்றாண்டுகளாகச் சுவாமி இல்லை, பூஜை இல்லை. வெள்ளைக்காரன் மண்டபத்தை ஆயுதக்கிடங்காக வைத்திருந்தான். லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் திரும்ப வைக்க அனுமதியும் சுலபத்தில் இல்லை. 1981 மார்ச் 16 அன்று சொல்லாமல் கொள்ளாமல் மூடிய லாரியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் ஊர் முழுக்க இங்கே நின்றது. அந்தத் தலைமுறைப் பெரியவர் யாராவது பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தால் மெல்லப் பேச்சுக் கொடுங்கள். இந்த ஊரில் வெற்றிகரமாகக் காக்கப்பட்ட ரகசியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான்காவது: அருங்காட்சியகம்

காலை 9.30-க்குத் திறக்கும். கட்டணம் சொற்பம். கேமராவுக்குத் தனிக் கட்டணமா என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். பெரிய இடம் இல்லை. வேகமாக நடந்தால் இருபது நிமிஷம். ஆனால் இரண்டு இடத்தில் நின்றுவிட வேண்டும்.

ஒன்று, நடுகற்கள். வட ஆற்காடு நடுகற்களுக்குப் பேர்போன பூமி. பெரும்பாலும் மாட்டுச் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல். கல்வெட்டில் மாட்டு மந்தைக்குத் தொறு என்று பெயர். தொறு மீட்டுப் பட்டான் என்று இருக்கும். வில்லோ வாளோ பிடித்துக்கொண்டு வீரன் நிற்பான், சிலவற்றில் காலடியில் மாடுகளும் தெரியும். வெறும் சண்டைப் படம் என்று தாண்டிப் போகாதீர்கள். அடுத்த ஊர் மந்தையை ஓட்டிவர வேண்டுமானால் அது எங்கே அடைபட்டிருக்கிறது, எத்தனை பேர் காவல், எப்போது அசருவார்கள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா? தொல்காப்பியம் ஆநிரை கவரும் வெட்சித் திணைக்குத் துறை வகுக்கும்போது, யாரும் அறியாமல் போய் ஒற்றறிந்து வருவதைத் தனித் துறையாக எண்ணி அதற்கு வேய் என்று பெயர் கொடுத்திருக்கிறது. அகழிக்கரையில் சொன்ன வேவு இதன் பேரப்பிள்ளை போல ஒலிக்கிறதல்லவா? ஆக, இந்தக் கல்லில் நிற்பவன் செத்ததற்கு முந்தின ராத்திரி, புதருக்குள் இன்னொருவன் குந்தியிருந்தான். அவனுக்குக் கல் இல்லை.

இரண்டாவது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தந்தச் சதுரங்கப் பலகை. இலங்கையின் கண்டி ராஜ்யத்துக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்தியது. கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசினால் கொஞ்சம் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அந்த அரசர் மதுரை வழி நாயக்கர் வம்சத்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1816-ல் இங்கே கொண்டுவரப்பட்டு, 1832-ல் இறக்கும்வரை வேலூரில்தான் இருந்தார். அவர் நாட்டை இழந்த விதம் சுத்தமான உளவுக் கதை. இலங்கையில் ஜான் டாய்லி என்று ஓர் ஆங்கில அதிகாரி. சிங்களம் நன்றாகக் கற்று அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆனவர். பிக்குகள், வியாபாரிகள், ஊர்த் தலைவர்கள் என்று மலைநாட்டுக்குள் போய்வரும் ஆட்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, இன்று யார் வந்தார், அரண்மனையில் என்ன பேச்சு என்று 1810 முதல் நாள்தவறாமல் குறிப்பு எழுதினார். 1815 பிப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தபோது பெரிய சண்டையே நடக்கவில்லை.

சதுரங்கத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் காயை நம்மூரில் மந்திரி என்போம். அரசனைப் பதவியில் ஏற்றிய மந்திரி பிலிமத்தலாவ ஆங்கிலேய கவர்னரோடு ரகசியப் பேச்சு நடத்தினார். அடுத்து வந்த மந்திரி எகலப்பொல 1814-ல் ஆங்கிலேயர் பக்கமே போய்ச் சேர்ந்தார். இரண்டு மந்திரியும் கட்சி மாறியபின் பதினாறு வருஷம் கோட்டைக்குள் உட்கார்ந்து இந்தப் பலகையில் அவர் யாரோடு ஆடினாரோ, மந்திரியை நகர்த்தும்போது என்ன நினைத்தாரோ. நான் போகும்போதெல்லாம் இங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

மீதி இருக்கும் சிலைகள், செப்புத் திருமேனிகள், நாணயங்கள் எல்லாம் உங்கள் விருப்பம். பழைய வாள்களைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

ஐந்தாவது: மஹால்கள், வெளியே இருந்து

திப்பு மஹால், ஹைதர் மஹால், கண்டி மஹால் என்று உள்ளே தனித்தனிக் கட்டடங்கள். நெடுங்காலம் அரசு அலுவலகங்களும் காவலர் பயிற்சிப் பள்ளியும் இயங்கிய வளாகம் இது. எல்லாவற்றுக்குள்ளும் போக முடியாது. காவலுக்கு நிற்பவர் வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் நடமாடிய முற்றம் இந்தப் பக்கம்தான். சிறைவாசமும் உறவினர் கூட்டமும் சிப்பாய் குடியிருப்பும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பது நடந்து பார்த்தால் காலுக்குத் தெரியும். 1806-க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கிரேடாக்கையும் சென்னை கவர்னர் பென்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை 10 அன்றும் மாலை போடுவார்கள். மற்ற நாட்களில் சுற்றிலும் பஸ் ஹாரன்தான். நடந்தே போகலாம், ஐந்து நிமிஷத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை.

மத்தியானத்துக்கு மேல் நேரமிருந்தால்

சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தூங்கி, நான்கு மணிக்கு மேல் கிளம்புங்கள். பிரியாணிக் கடைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. கத்திரிக்காய்க் கூட்டு கிடைத்தால் விடாதீர்கள், எங்கள் முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டி அரசரின் சமாதி அது. 1990-ல் மண்டபம் எழுப்பித் திறந்தார்கள். ஆட்டோக்காரரிடம் முத்து மண்டபம் என்று சொன்னால் போதும். காலையில் சதுரங்கப் பலகையைப் பார்த்தவர்களுக்கு இங்கே கூட்டிவந்து விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு என்று சொல்லும்போது தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலான மாதம் மணல்தான்.

மறுநாளும் ரிப்போர்ட் வரவில்லையா? அப்படியானால் பஸ் ஏறி ஆற்காடு போய்விடுங்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரப் பயணம். கில்லெஸ்பியின் குதிரைகள் வந்த திசையில் நீங்கள் எதிராகப் போகிறீர்கள். நவாப் காலத்துக் கோட்டையில் இன்று மிஞ்சி நிற்பது டெல்லி கேட் என்ற ஒரு வாசல்தான். 1751-ல் கம்பெனிப் படையின் ராபர்ட் கிளைவ் 200 வெள்ளைக்காரர்களும் 300 சிப்பாய்களுமாகச் சென்னையிலிருந்து கிளம்பி வந்தார். ஆகஸ்ட் கடைசி. இடி, மின்னல், கொட்டும் மழை. அதில் அசராமல் நடந்து வருகிறார்கள் என்று ஆற்காட்டின் ஒற்றர்கள் ஓடிவந்து சொன்னார்கள். சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். கேட்டவர்களோ இடிக்கே அஞ்சாதவன் நமக்கா அஞ்சுவான் என்று அன்றே கோட்டையைக் காலிசெய்து ஓடிவிட்டார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அப்புறம் ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கொண்டாடிய சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் வந்து ஐம்பது நாள் முற்றுகையிட்டார். முஹர்ரம் நாளில், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை முன்னால் விட்டுக் கடைசித் தாக்குதல். அது எப்போது, எப்படி வரப்போகிறது என்று ஓர் ஒற்றன் முந்தின நாள் மாலையே கிளைவிடம் சொல்லிவிட்டான். அவர் கேட்டார், ஆட்களை அங்கங்கே நிறுத்தினார், படுத்துத் தூங்கப் போய்விட்டார். யானைகள் துப்பாக்கிச் சூட்டில் மிரண்டு தங்கள் ஆட்களையே மிதித்தன. சொன்னவன் பெயர் வரலாற்றில் இல்லை.

டெல்லி கேட்டைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். திரும்புமுன் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்தால் சாதாரண குலாப்ஜாமூன் மாதிரி இருக்கும், உள்ளே முந்திரியும் பாதாமும் ஒளித்து வைத்திருப்பார்கள். ஜீரா ஒழுகும், டப்பாவைப் பையில் நேராக நிறுத்தி வையுங்கள்.